ஹன்டிங்டின்: ஒரு புரதம் கைக்கு வந்த கதை

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'செல்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதன் முகப்பில் தனி ஆசிரியர் எவர் பெயரும் இல்லை. ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 58 விஞ்ஞானிகள் ஒரே கூட்டுப்பெயரில் அதை வெளியிட்டிருந்தார்கள். பத்தாண்டுத் தேடலுக்குப் பிறகு ஹன்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணு அகப்பட்டுவிட்டது என்பதுதான் செய்தி. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு ஹன்டிங்டின் என்று பெயர். அது எந்த உருவில் மடிந்து கிடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் தெளிவாகப் பார்த்தது 2018இல். நடுவே 25 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மரபணுவின் எழுத்து வரிசை முழுவதும் கையில் இருந்தது. ஆளும் பணமும் இருந்தன. அப்படியும் கால் நூற்றாண்டு ஏன் பிடித்தது? அந்தப் புரதத்தைச் சோதனைக்கூடத்தில் முழுசாகவும் சுத்தமாகவும் உண்டாக்குவது அவ்வளவு கடினமாக இருந்தது. மருத்துவச் செய்திகளில் மரபணு வரும், மருந்து வரும். நடுவில் புரதத்தை வடித்தெடுக்கும் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. இன்றைய பேச்சு அந்தப் பாட்டைப் பற்றியது.

முதலில் நோய். 1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் மருத்துவர், பிலடெல்பியாவில் வெளியான ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. அவருடைய அப்பாவும் தாத்தாவும் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில் மருத்துவம் பார்த்தவர்கள். மூன்று தலைமுறையாக அதே ஊரில் அதே குடும்பங்களைக் கவனித்து வந்ததால், தனி ஒருவருக்கு எளிதில் புலப்படாத ஒன்று அந்த இளைஞருக்குப் புலப்பட்டது. நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது, வளர்ந்தபிறகே தலைகாட்டுகிறது, மனநிலையையும் பாதிக்கிறது, ஒரு தலைமுறையில் அது வராமல் போனால் அந்தக் கிளையோடு அறுந்துவிடுகிறது. மெண்டலின் விதிகளை மருத்துவ உலகம் கண்டுகொள்வதற்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பு இது.

பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில் நோய் தொடங்குகிறது. கைகால்கள் தம் வசம் இழந்து துள்ளும், நெளியும். சிலரிடம் அதற்கு முன்பே எரிச்சலும் மறதியும் மனச்சோர்வும் வந்துவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கடைசியில் விழுங்குவதே சிரமமாகும். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே வருகின்றன. அறிகுறி தோன்றிய பிறகு 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆயுள். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு.

மரபணுவைக் கண்டுபிடித்த கதையில் நான்சி வெக்ஸ்லர் என்ற பெயர் இல்லாமல் முடியாது. 1968இல் அவருடைய தாய்க்கு இந்த நோய் உறுதியானது. தந்தை மில்டன் வெக்ஸ்லர் அதே ஆண்டு பரம்பரை நோய்களுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். மகள் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக்குப் போனார். அந்தக் கரையில் உள்ள மீனவச் சிற்றூர்களில் இந்த நோய் உலகிலேயே மிக அடர்த்தியாக இருந்தது. அதை 1950களிலேயே அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற வெனிசுவேலா மருத்துவர் பதிவு செய்திருந்தார். 1979 முதல் வெக்ஸ்லர் குழுவினர் ஆண்டுதோறும் சென்று இரத்த மாதிரிகள் சேர்த்தார்கள். உறவுமுறை கேட்டுக் கேட்டு அவர்கள் வரைந்த வம்சவரிசையில் 18,000க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றார்கள். அந்த ஏழை மக்கள் தந்த இரத்தமே 1983இல் ஆய்வாளர் ஜேம்ஸ் குசெல்லாவை, மரபணு இருக்கும் நான்காம் குரோமோசோமின் நுனிக்கு அழைத்துச் சென்றது. தனக்கும் அதே நோய் இருப்பதை வெக்ஸ்லர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்.

நுனி தெரிந்தபின் மரபணு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்னும் பத்தாண்டு பிடித்தது. கிடைத்தபோது, பிழை மிக எளிமையானதாக இருந்தது. மரபணுவின் தொடக்கத்தில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 26 முறை வரை வந்தால் கவலை இல்லை. 40 அல்லது அதற்கு மேல் என்றால், ஆயுள் இருந்தால் நோய் நிச்சயம். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 60ஐத் தாண்டினால் பெரும்பாலும் இளவயதிலேயே வந்துவிடுகிறது. ஒவ்வொரு சி.ஏ.ஜி.யும் புரதத்தில் ஒரு குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாறுகிறது. ஆக, நோயாளியின் ஹன்டிங்டின் புரதத்தில் அளவுக்கு மீறிய நீளத்தில் ஒரு குளூட்டமின் தொடர் இருக்கிறது.

இங்கேதான் புரத ஆய்வாளர்களின் வேலை தொடங்குகிறது. ஹன்டிங்டின் சாதாரணமாக என்ன செய்கிறது? நீண்ட குளூட்டமின் தொடர் அதை எப்படிக் கெடுக்கிறது? இந்தப் புரதம் அடியோடு இல்லாத எலிக்கருக்கள் பிறப்பதற்கு வெகுமுன்பே இறந்துவிடுகின்றன என்று 1995இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. அப்படியானால் இது இல்லாமல் உயிரே இல்லை. ஆனால் ஒரு புரதத்தின் தொழிலை அறிய வேண்டுமானால், அது மில்லிகிராம் கணக்கில், வேறு எதுவும் கலக்காமல், குழாயில் இருக்க வேண்டும். மூளைத் திசுவிலிருந்து அவ்வளவு எடுக்க வழியில்லை. செய்துதான் ஆக வேண்டும்.

சின்னத் துண்டிலிருந்து தொடங்கினார்கள். மரபணுவின் முதல் பகுதியான எக்ஸான் 1இல்தான் குளூட்டமின் தொடர் இருக்கிறது. லண்டனில் கில்லியன் பேட்ஸ் குழு 1996இல் நீண்ட சி.ஏ.ஜி. தொடர் கொண்ட இந்த ஒரு துண்டை மட்டும் எலிகளுக்குள் செலுத்தியது. எலிகளுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தன. அதாவது, நோயை உண்டாக்க அந்தத் துண்டே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டு பெர்லினில் எரிக் வாங்கரும் ஹான்ஸ் லெராக்கும், பேட்ஸும் உடன் சேர்ந்து, அதே துண்டை ஈ. கோலை பாக்டீரியாவில் உண்டாக்கினார்கள். வெறும் துண்டை உண்டாக்கினால் அது உடனே திரண்டு வீணாகிவிடும். அதனால் நன்றாகக் கரையும் இன்னொரு புரதத்தோடு அதை ஒட்டி உருவாக்கினார்கள். அந்தத் துணைப் புரதத்தின் சுருக்கப்பெயர் ஜி.எஸ்.டி. அவையினர் பதற வேண்டாம், இது வரி இல்லை, குளூட்டதயோன் எஸ்-டிரான்ஸ்பரேஸ். குளூட்டதயோன் பூசிய மணிகளை நிரப்பிய குழாயில் பாக்டீரியாச் சாற்றை ஊற்றினால், ஜி.எஸ்.டி. அந்த மணிகளில் பற்றிக்கொள்ளும், மற்றவை கழுவிப் போய்விடும். இப்படிச் சுத்தம் செய்த பிறகு, புரதத்தை வெட்டும் நொதியைச் சேர்த்து ஜி.எஸ்.டி.யைக் கத்தரித்து விட்டார்கள்.

அப்போதுதான் வேடிக்கை தொடங்கியது. 20 அல்லது 30 குளூட்டமின் உள்ள துண்டுகள் அப்படியே கரைந்து கிடந்தன. 51 உள்ள துண்டுகள் திரண்டு இழை இழையாகப் பின்னிக்கொண்டன. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இழைகள், அல்சைமர் நோயிலும் பிரியான் நோய்களிலும் காணப்படும் அமிலாய்டு நார்களைப் போலவே இருந்தன. மனிதர்களில் எந்த நீளத்தைத் தாண்டினால் நோய் வருகிறதோ, ஏறக்குறைய அந்த நீளத்தைத் தாண்டும்போதே குழாயிலும் புரதம் திரள்கிறது என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. அதே 1997இல் பேட்ஸ் குழுவின் எலிகளுடைய நரம்பணுக் கருக்களிலும், இறந்த நோயாளிகளின் மூளையிலும் இத்தகைய திரள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஹீமோகுளோபின் உருவத்தைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் பெருட்ஸ், குளூட்டமின் தொடர்கள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொள்ளக் கூடும் என்று 1994இலேயே எழுதியிருந்தார்.

திரள்தான் கொலையாளி என்று வழக்கு முடிந்துவிட்டதாகவே பலர் எண்ணினார்கள். 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் ஃபிங்க்பைனர் குழு அதை மறுபடி திறந்தது. தானாக இயங்கும் நுண்ணோக்கி ஒன்றை வைத்து, தனித்தனி நரம்பணுக்களை நாள்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். திரள் தோன்றிய நரம்பணுக்கள், தோன்றாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. பெரிய திரள், கெட்ட புரதத்தை ஒதுக்கி வைக்க உயிரணு செய்யும் தற்காப்பாகவே இருக்கலாம். கேடு செய்வது அதற்கு முந்தைய, கண்ணுக்குத் தட்டுப்படாத வடிவங்களாக இருக்கலாம். துண்டை வைத்துச் செய்த ஆய்வு மிகப் பெரிய வாசலைத் திறந்தது. ஆனாலும் அது துண்டுதான்.

முழுப் புரதம் எவ்வளவு பெரியது என்பதைக் கவனியுங்கள். ஹன்டிங்டினில் 3,144 அமினோ அமிலங்கள் உள்ளன. எக்ஸான் 1 தருவது அதில் நூறுக்கும் குறைவானவை. மீதியெல்லாம் யாரும் பார்க்காத பரப்பு. முழுப் புரதத்தைச் செய்ய முதலில் 9,400க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வைப் பிழையின்றி ஒட்டிச் சேர்க்க வேண்டும். பாக்டீரியாவில் வளர்க்கும்போது அதிலுள்ள சி.ஏ.ஜி. தொடர் தானாகச் சுருங்கும், சில வேளை நீளும். ஒவ்வொரு முறையும் எழுத்து வரிசையைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய மனிதப் புரதத்தைச் சரியாக மடித்துத் தர ஈ. கோலையால் இயலாது. உயர்நிலை உயிரணுக்கள் தேவை.

அந்த உயிரணுக்களைத் தந்த பூச்சியைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். 2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களையும் சூறையாடிய படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அந்தப் பூச்சியின் கூட்டுப்புழுச் சினைப்பைத் திசுவிலிருந்து 1970களில் ஓர் உயிரணு வரிசையை உருவாக்கினார்கள். அதன் கிளையான எஸ்.எஃப்.9, இன்று உலகெங்கும் உள்ள புரதக் கூடங்களில் 27 பாகை செல்சியஸில், குடுவைகளில் குலுங்கிக்கொண்டே வளர்கிறது. பூச்சிகளைத் தாக்கும் பாகுலோவைரஸ் தன் உறைப் புரதம் ஒன்றை மலைமலையாக உண்டாக்கும். அதன் மரபணு இருக்கும் இடத்தில் வேண்டிய மரபணுவை வைத்துவிட்டால், வைரஸ் நமக்கு வேண்டிய புரதத்தை உண்டாக்கித் தரும். 1983இல் இந்த முறையில் முதலில் உண்டாக்கப்பட்ட மனிதப் புரதம் பீட்டா இன்டர்ஃபெரான்.

ஹன்டிங்டின் வேலையும் இதே வழியில்தான். புரதத்தின் ஒரு முனையில் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஃப்ளாக் என்ற அடையாளப் பட்டையை ஒட்டுகிறார்கள். வைரஸ் தொற்றிய உயிரணுக்களை உடைத்து, கசடு நீக்கிய சாற்றை, அந்தப் பட்டையை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசிய மணிகளுக்குள் விடுகிறார்கள். பிடிபட்டதை மறுபடி பிரித்தெடுத்து, அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் ஓடவிடுகிறார்கள். பெரியது முன்னால் வரும், சிறியது பின்னால் வரும். எல்லாம் பனிக்குளிரில், புரதத்தைத் தின்னும் நொதிகளைத் தடுக்கும் மருந்தோடு நடக்க வேண்டும். கடைசியில் ஜெல்லில் ஓட்டிச் சாயமேற்றிப் பார்த்தால், உச்சியில் 3,48,000 டால்டன் எடைக்கு அருகே ஒற்றைப் பட்டை தெரிய வேண்டும். கீழே சிதறல் பட்டைகள் தெரிந்தால் புரதம் வழியிலேயே சிதைந்துவிட்டது என்று பொருள், மறுபடி முதலிலிருந்து.

பட்டை சுத்தமாகத் தெரிந்தும் தொல்லை தீரவில்லை. தனியாக எடுத்த ஹன்டிங்டின் ஒரே உருவில் நிற்காது. வளையும், நெளியும், இரண்டு மூன்றாகச் சேரும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் படங்களைக் குவித்து ஒரே உருவத்தைக் கணிக்கும் உறைகுளிர் மின்நுண்ணோக்கி முறைக்கு இது உதவாது. கொழுகொம்பு இல்லாத கொடியாகக் கிடந்த அந்தப் புரதத்துக்குக் கொம்பாக வந்து சேர்ந்தது ஹாப்40 என்ற சிறிய புரதம். உயிரணுவுக்குள் ஹன்டிங்டினோடு ஒட்டியிருக்கும் கூட்டாளி அது. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் கோகனெக்கின் குழு, மனித உயிரணுக்களில் இரண்டையும் சேர்த்தே உண்டாக்கியது. மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தாருடன் சேர்ந்து, 4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அவர்கள் எடுத்த உருவம் 2018இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

ஹாப்40ஐப் பற்றி ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு, இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியின் மரபணுவுக்குள், 22ஆம் இன்ட்ரான் என்ற இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. ஹீமோஃபீலியா ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த இடம் அது. மூளை நோய்ப் புரதத்தின் உற்ற துணை அங்கிருந்து வந்தது.

அந்த உருவத்தில் தெரிந்தது என்ன? ஹீட் எனப்படும் சுருள் இணைகள் அடுக்கடுக்காக வளைந்து இரண்டு பெரிய பகுதிகளாகின்றன. அவற்றை ஒரு சிறு பாலம் இணைக்கிறது. நடுப் பள்ளத்தில் ஹாப்40 அமர்ந்து இரு பகுதிகளையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் புரதத்தின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு படத்தில் விழவில்லை. அப்படி விழாமல் போனவற்றுள் எக்ஸான் 1உம் ஒன்று. நோய்க்குக் காரணமான அந்தக் குளூட்டமின் தொடர் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பதால், அது கருவிக்கு அகப்படவில்லை.

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கட்டமைப்பு மரபணுவியல் கூட்டமைப்பில் ரேச்சல் ஹார்டிங் என்ற ஆய்வாளர் அதே புரதத்தை நோயுள்ள, நோயற்ற வடிவங்களில் உண்டாக்கி வந்தார். 2021இல் அவர் குழு 2.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தை எட்டியது. நீண்ட குளூட்டமின் தொடர் இருந்தாலும் புரதத்தின் மொத்த உருவம் மாறவில்லை. வேறுபாடு எக்ஸான் 1 நடந்துகொள்ளும் விதத்தில்தான். இன்னொன்றும் அவர் செய்தார். 2016 முதல் தன் ஆய்வுக் குறிப்பேட்டை, தோற்ற சோதனைகள் உட்பட, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்தார். புரதத்தை உண்டாக்கும் டி.என்.ஏ. வளையங்களை ஆட்ஜீன் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தது அவர் குழு. 25 ஆண்டு ஒவ்வொரு கூடமும் அதே சுவரில் தனித்தனியே முட்டிக்கொண்டதை நினைத்தால், இதன் அருமை புரியும்.

இவ்வளவு பாடுபட்டுப் புரதத்தைச் செய்ததால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பயன் அளவீடு. மூளைத் தண்டுவட நீரில் கெட்ட ஹன்டிங்டின் மிக மிக அற்பமாகவே கலந்திருக்கிறது. அதை அளக்கும் முறையை 2015இல் லண்டனில் எட் வைல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இத்தகைய எந்த அளவீட்டுக்கும், அளவு தெரிந்த தூய புரதத்தை வைத்து அளவுகோல் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. இந்த அளவீடு கிடைத்ததால்தான் டோமினர்சென் என்ற மருந்து நோயாளிகளிடம் கெட்ட புரதத்தைக் குறைக்கிறது என்று காட்ட முடிந்தது.

அடுத்து நடந்தது கசப்பு. 791 பேரைக் கொண்ட மூன்றாம் கட்டச் சோதனையில் டோமினர்சென் பலன் தரவில்லை. 2021 மார்ச்சில் ரோஷ் நிறுவனம் மருந்து கொடுப்பதை நிறுத்தியது. அந்த மருந்து கெட்ட ஹன்டிங்டினோடு நல்ல ஹன்டிங்டினையும் சேர்த்துக் குறைக்கும் வகை. நல்லது குறைந்ததால் கேடு வந்ததா, மருந்து மூளையின் ஆழத்துக்குப் போதிய அளவு சேரவில்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

புரதத்தையே முழுக் குற்றவாளியாக்க முடியாது என்று சொல்லும் சான்றுகளும் வந்திருக்கின்றன. குளூட்டமினைக் குறிக்கச் சி.ஏ.ஜி. மட்டும் அல்ல, சி.ஏ.ஏ.வும் உண்டு. பெரும்பாலோருக்குத் தொடரின் கடைசியில் ஒரு சி.ஏ.ஏ. குறுக்கிடும்; சிலருக்கு அது இல்லை. புரதத்தில் குளூட்டமின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், குறுக்கீடு இல்லாதவர்களுக்கு நோய் முன்னதாக வருகிறது என்று 2019இல் ஒரு பன்னாட்டுக் கூட்டாய்வு கண்டது. அதாவது எப்போது தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பது டி.என்.ஏ.வில் இடையறாமல் ஓடும் சி.ஏ.ஜி.யின் நீளம். அந்தத் தொடர் வாழ்நாள் முழுவதும் ஸ்ட்ரையாட்ட நரம்பணுக்களுக்குள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகிறது. ஏறக்குறைய 150ஐத் தாண்டிய பிறகே நரம்பணு நிலைகுலைகிறது என்று ஸ்டீவன் மெக்கரோல் குழு 2025இல் எழுதியது. தொடரை நீளவைக்கும் டி.என்.ஏ. பழுதுநீக்கப் புரதங்களுள் எம்.எஸ்.எச்.3 முக்கியமானது. ஆக, மருந்து தேடுவோர் ஹன்டிங்டினை விட்டுவிடாமலே இன்னொரு புரதத்தையும் உண்டாக்கி, சுத்தம் செய்து, உருவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் யூனிக்யூர் நிறுவனம் ஏ.எம்.டி.-130 என்ற மரபணுச் சிகிச்சையின் முடிவை அறிவித்தது. அறுவைசிகிச்சை மூலம் ஸ்ட்ரையாட்டத்துக்குள் வைரஸ் வழியே செலுத்தி, ஹன்டிங்டின் உற்பத்தியைக் குறைக்கும் முறை அது. உயர்ந்த அளவு பெற்றவர்களிடம் மூன்றாண்டு முடிவில் நோயின் வேகம் 75 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மூன்றாண்டு முடித்தவர்கள் 12 பேர்தான். ஒப்பிட்டது வெளியே உள்ள நோயாளிப் பதிவேட்டோடு. நம்பிக்கை கொள்ளலாம், கொண்டாட்டத்துக்கு இன்னும் காலம் வரவில்லை.

கேட்பவர்களுக்கு இது எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றலாம். குளூட்டமின் தொடர் நீள்வதால் வரும் பரம்பரை நோய்கள் மொத்தம் ஒன்பது. அவற்றுள் ஒன்று எஸ்.சி.ஏ.1; அட்டாக்சின்-1 என்ற புரதத்தில் அதே வகைக் கோளாறு, நடையில் தொடங்கும் தள்ளாட்டம். தமிழ்ச் சமூகம் ஒன்றில் இந்த நோய் மிகுதியாக இருப்பதை 2005இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. இந்த நோய்களை இரத்தச் சோதனையில் கண்டறியலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நடுக்கமோ தள்ளாட்டமோ இருந்தால், கல்யாணப் பேச்சுக்குக் குறுக்கே வரும் என்று அஞ்சி மறைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது வயதுவந்த ஒவ்வொருவரின் சொந்த முடிவு. மரபணு ஆலோசனை பெற்றபிறகு எடுக்க வேண்டிய முடிவு. அடுத்தது, உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு. ஹன்டிங்டினை உண்டாக்கும் டி.என்.ஏ. வளையங்கள் கட்டணம் செலுத்தும் எந்தக் கல்வி நிறுவன ஆய்வகத்துக்கும் கிடைக்கின்றன. செய்முறை அச்சில் இருக்கிறது. எக்ஸான் 1 முழுப் புரதத்தோடு எப்படி உறவாடுகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் வரவில்லை. உங்கள் பேராசிரியர்களிடம் கேளுங்கள்; எடுத்துச் செய்யுங்கள்.